கேள்வியைக் கேள்வியாகக் கேட்போம்

நம் பாபநாசம் வட்டாரம் நெல்லுக்குப் பேர் போனது. ஆனால் நம் கடையில் விற்கும் மற்ற சரக்குகள் எங்கிருந்தெல்லாம் வருகின்றன? துவரம் பருப்பு கலபுரகியிலிருந்து (2014 வரை குல்பர்கா), வற்றல் மிளகாய் குண்டூரிலிருந்து, சீரகம் குஜராத்தின் உஞ்ஜாவிலிருந்து. அங்குள்ள மண்டிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. நம்மில் பலருக்கு இந்தி வராது. இரு தரப்புக்கும் பொதுவாக நிற்பது ஆங்கிலம்தான்.

நம் பகுதி வியாபாரி ஒருவர் வெளிமாநில மண்டிக்குப் போன் செய்தார். முன்பே சொல்லியிருந்த 50 மூட்டை பருப்பை அனுப்பியாயிற்றா என்று கேட்க நினைத்தவர், 'யூ சென்ட் ஃபிஃப்டி பேக்ஸ்' என்றார். எதிர்முனையில் இருந்தவர் காதில் அது 'ஐம்பது மூட்டை அனுப்பு' என்று விழுந்தது. முதல் லோடு இறங்கிய மூன்றாம் நாள் இரண்டாவது லோடும் வந்து நின்றது. விலை சரிந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் முடங்கியது, வட்டி ஏறியது. இலக்கணம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று இனியும் சொல்ல முடியுமா?

இக்குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தமிழில் 'சரக்கு வந்தது' என்பதன் கடைசியில் 'ஆ' சேர்த்தால் 'சரக்கு வந்ததா?' என்று கேள்வியாகிவிடும். சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இந்த 'ஆ' கிடையாது. அங்கே சொல் இடம் மாறினால்தான் கேள்வி.

முதல் விதி: வாக்கியத்தில் இஸ், ஆர், வில், கேன் போன்ற சொல் இருந்தால் அதை முன்னே கொண்டுவர வேண்டும். 'த லாரி இஸ் ரெடி' என்பது 'இஸ் த லாரி ரெடி?' என்றாகும். 'யூ வில் செண்ட் டுடே' என்பது 'வில் யூ செண்ட் டுடே?' என்றாகும்.

இரண்டாம் விதி: அப்படிப்பட்ட சொல் இல்லையென்றால் டூ, டஸ், டிட் ஆகியவற்றில் பொருத்தமானதை முன்னே வைக்க வேண்டும். 'டூ யூ ஹேவ் நியூ ஸ்டாக்?', 'டஸ் த ரேட் இன்க்ளூட் லாரி ஃபிரெய்ட்?' என்று கேட்கலாம். நடந்து முடிந்ததற்கு 'டிட்'. அது வந்துவிட்டால் வினைச்சொல் பழைய உருவுக்குத் திரும்பிவிடும். 'டிட் யூ சென்ட்' என்பது தவறு. 'டிட் யூ செண்ட் ஃபிஃப்டி பேக்ஸ்?' என்பதே சரி. நம் நண்பர் இந்த 'டிட்' ஒன்றைச் சேர்த்திருந்தால் இரண்டாவது லோடு வந்திருக்காது.

மூன்றாம் விதி: எப்போது, எங்கே, ஏன் என்று கேட்கும் சொல் முதலில், அடுத்து மேற்சொன்ன உதவிச் சொல், பிறகு ஆள் அல்லது பொருள், அதன்பின் வினை. நம்மவர் பலர் 'வென் த லாரி வில் கம்?' என்பார்கள். 'வென் வில் த லாரி கம்?' என்பதே முறை. செய்தவர் யார் என்று கேட்கும்போது மட்டும் இந்த மாற்றம் வேண்டாம். 'ஹூ பெய்ட் த ஃபிரெய்ட்?' என்றாலே போதும்.

நாம் அன்றாடம் கேட்பது விலை, சரக்கு, வாடகை, வரி, நாள் பற்றிய பத்துப் பதினைந்து கேள்விகள்தாம். அவற்றை ஓர் அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கல்லாவுக்கு அருகில் மாட்டி வைப்போம். போனில் கேட்டதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே பணம் போடுவோம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். நாளை ஆர்டர் சொல்லப் போகிறவர்கள் அவர்களே.