ஜீப் இன்ஜினுக்கும் ஓவர்கிளாக்கிங்: ட்யூனர் மாட்டும் முன்...

காரைக்குடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டுள்ளார். அவரிடம் 2021ல் வாங்கிய டீசல் மகேந்திரா தார் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் வறண்ட கண்மாய்களிலும் செம்மண் தடங்களிலும் ஓட்டுகிறார். மணலில் இறங்கினால் வண்டி திணறுகிறதாம். "ட்யூனர் போட்டால் பறக்கும் என்கிறார்கள். ஒரு லேப்டாப் விலை கேட்கிறார்கள். போடலாமா?" என்பது அவர் கேள்வி. கம்ப்யூட்டர் இதழில் ஜீப்புக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இன்றைய டீசல் இன்ஜினை இயக்குவதே ஒரு சிறு கம்ப்யூட்டர்தான்.

அதன் பெயர் இ.சி.யு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள், இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடு என்று சென்சார்கள் இதற்குச் சொல்லிக் கொண்டே இருக்கும். இது தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, எவ்வளவு டீசலை எப்போது தெளிப்பது என முடிவு செய்கிறது. எக்ஸெல் ஒர்க்ஷீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுற்று, மறுபக்கம் மிதி, சந்திக்கும் செல்லில் டீசலின் அளவு. இதற்கு மேப் என்று பெயர். மட்டமான டீசல், கடும் வெயில், தள்ளிப்போட்ட சர்வீஸ் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதால் நிறுவனம் எண்களைச் சற்றுக் குறைத்தே வைக்கிறது. மகேந்திராவே தன் 2.2 லிட்டர் டீசல் இன்ஜினைத் தாரில் 130 குதிரைத் திறனுக்கும், 2022ல் வந்த ஸ்கார்பியோ-என் வண்டியின் உயர் மாடல்களில் 175க்கும் அமைத்துள்ளது. ட்யூனர் செய்வது, அந்த ஒதுக்கி வைத்த இடத்தைத் தின்பது. பிராசசரை ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு இது பழகிய கதை.

கடைகளில் கிடைப்பவற்றில் முதல் வகை, ட்யூனிங் பாக்ஸ். சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் இடையில் அமர்ந்து, டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். இ.சி.யு. அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். கழற்றினால் பழையபடி ஆகிவிடும். அடுத்தது ரீமேப். இதில் மேப் பைலையே மாற்றி எழுதுகிறார்கள். சில நூறு ரூபாய்க்கு, ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 பின் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் போதும் என்று விற்கும் பெட்டிகளும் உண்டு. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது கண் சிமிட்டும் விளக்குகளைத்தான். வாங்க வேண்டாம்.

ரீமேப் என்பது பயாஸ் அப்டேட் போல. பாதியில் மின்சாரம் போனால் போர்டு போய்விடும் என்று மதர்போர்டுக்குப் பயப்படுவீர்கள் அல்லவா? இங்கே வண்டியே ஸ்டார்ட் ஆகாது. எனவே எழுதும் முன் ஒரிஜினல் பைலை முழுதாகப் படித்து, அதன் காப்பி ஒன்றை உங்களிடமே தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வண்டியை விட வேண்டாம். இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். எழுதும் நேரத்தில் வண்டி பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஏ.சி., ஹெட்லைட், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜர் கொடுக்க வேண்டும். அந்தச் சார்ஜரை யு.பி.எஸ்.ஸில் போடுவது நல்லது. நம் ஊர் மின்வெட்டு சொல்லிக் கொண்டு வருவதில்லை. லேப்டாப்பில் ஸ்லீப் மோடையும் ஆட்டோமேடிக் அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள். மாற்றிய பைலின் செக்சம் சரி செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள்.

இனி செட்டிநாட்டுக்கு வருவோம். மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். கண்மாய்க்குள் பத்து கிலோமீட்டர் வேகத்தில் முழுச் சுமையில் உறுமும் வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது. அங்கே கூடுதல் டீசல் என்றால் கூடுதல் சூடு. கிளட்சும் கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டும். 2020க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் வேறு உள்ளது. புகை கூடினால் அது விரைவில் அடைத்துக் கொள்ளும்.

இன்னொன்று. ட்யூனர் தரும் கூடுதல் இழுவை, நல்ல வேலையாக இருந்தால், 20 முதல் 30 சதவீதம். தாரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டாவது லீவரை 4எல்-க்குத் தள்ளினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது! காசு இல்லை, பைல் இல்லை. மணலில் திணறுவதற்குப் பெரும்பாலும் டயரில் உள்ள காற்றுதான் காரணம். 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலைக்கு ஏறும் முன் மறுபடி நிரப்ப மறக்க வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்து விடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வாரன்டியும் கேள்விக்குறியாகும். பழைய பைலைத் திரும்ப எழுதினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல இ.சி.யு.க்களில் அப்படியே இருக்கும்.

எனவே வாசகருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர் வாங்குங்கள். வண்டியின் சாக்கெட்டில் செருகி, மொபைல் போனில் ஆப் ஒன்றைப் போட்டு, அடுத்த ஞாயிறு கண்மாயில் ஓட்டும்போது கூலன்ட் வெப்பத்தைப் பதிவு செய்திடுங்கள். 90 டிகிரியை ஒட்டி நின்றால் சரி. ட்யூனர் இல்லாமலே 105ஐத் தாண்டினால், உங்களுக்குத் தேவை ரேடியேட்டர் மெக்கானிக்.