எல்லைக்கோடும் குடிமக்கள் உரிமையும்

அயர்லாந்துத் தீவு 1921-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. எஞ்சிய பகுதி பின்னர்த் தனிக் குடியரசாயிற்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லைக்கோட்டை ஆயிரக்கணக்கானோர் வேலைக்கும் கல்விக்குமாகக் கடந்து செல்கின்றனர்.

வட அயர்லாந்தில் முப்பதாண்டுக் காலம் நிகழ்ந்த பூசலில் சுமார் 3,500 பேர் மாண்டனர். 1998 ஏப்ரல் 10-இல் ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டிற்று. அங்குப் பிறந்த மக்கள் தம்மை அயர்லாந்தினர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம். அது அவர்தம் பிறப்புரிமை என்றது அவ்வுடன்படிக்கை. அப்போது இரு நாடுகளுமே ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தன. ஆகவே எந்தக் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும் உரிமையில் பெரும் வேறுபாடு இல்லை.

2016 ஜூன் 23-இல் நடந்த வாக்கெடுப்பு இந்நிலையை மாற்றிற்று. வட அயர்லாந்தில் வாக்களித்தோரில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே விரும்பினர். எனினும் நாடு முழுவதன் முடிவுப்படி 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது.

அப்பகுதி மக்களுக்கு இரு பாதுகாப்புகள் அமைந்தன. முதலாவது, 1920-களிலிருந்து நிலவிவரும் பொதுப் பயண ஏற்பாடு. இதன்படி பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடிமக்கள் இரு நாடுகளிலும் வசிக்கலாம், வேலை செய்யலாம், படிக்கலாம். இரண்டாவது, விலகல் ஒப்பந்தத்துடன் இணைந்த வட அயர்லாந்து ஏற்பாட்டின் இரண்டாம் விதி. 1998 உடன்படிக்கையில் கூறப்பட்ட உரிமைகள் விலகலின் காரணமாகக் குறைதல் கூடாது என்பது அதன் சாரம். அதனைக் கண்காணிக்கும் பொறுப்பு, மனித உரிமை ஆணையத்திடமும் சமத்துவ ஆணையத்திடமும் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் குறைகள் இல்லாமலில்லை. வட அயர்லாந்தில் வாழும் அயர்லாந்துக் குடிமகன் இன்றும் ஐரோப்பியக் குடிமகனே; ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அங்கிருந்து வாக்களிக்க இயலாது. வட அயர்லாந்துக்கு இருந்த மூன்று இடங்களும் விலகலோடு போயின.

இதனினும் கடினமான நிலை ஒன்றுண்டு. எல்லையின் தென்புறம் டோனிகலில் அடுத்தடுத்த வீடுகளில் இருவர் வாழ்வதாகக் கொள்வோம். ஒருவர் அயர்லாந்தினர், மற்றவர் போலந்து நாட்டவர். இருவருக்கும் வடபுறத்து டெரி நகரில் வேலை கிடைக்கிறது. அயர்லாந்தினருக்குத் தடையில்லை. போலந்து நாட்டவர் 2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்தே அவ்வாறு வேலை பார்த்து வந்திருந்தால் அவர் உரிமை தொடரும்; அதன்பின் புதிதாகத் தொடங்குபவராயின் பிரிட்டனின் குடிநுழைவு விதிகளுக்கு உட்படவேண்டும். சாலையில் காவற்சாவடி இல்லை. ஆனால் சட்டத்தில் உண்டு.

எல்லையில் வேலி எழாமற் காத்தது பெரும் சாதனையே. எனினும் சாலை திறந்திருப்பது மட்டும் உரிமையாகிவிடாது. அதில் நடப்போர் அனைவருக்கும் சட்டமும் திறந்திருக்கும்போதுதான் உரிமைப் பாதுகாப்பு முழுமை பெறும்.