ஒன்று எழுதினால் அழியும்

பென்னாகரத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி எழுதியிருக்கிறார். தோட்டத்துச் சொட்டுநீர் மோட்டாரை நேரம் பார்த்து நிறுத்த, ஆர்டுயினோ உனோவில் ப்ரோக்ராம் எழுதுகிறாராம். டைமர் 65,535 வரை எண்ணி முடித்து மறுபடி பூஜ்யத்துக்குப் போனதும் டி.ஓ.வி.1 என்ற பிட் 1 ஆகிறது. அதை அழிக்க 0 எழுதினால் அசையவே மாட்டேன் என்கிறது. சிப் பழுதா என்று கேட்கிறார்.

பழுதில்லை. உனோவிலுள்ள ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டில், ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் எட்டுக் கட்டம் போட்டிருக்கும். பிட்டின் பெயர், அதன் கீழே ஆர் (படிக்க மட்டும்) அல்லது ஆர்/டபிள்யூ (படிக்கவும் எழுதவும்), அதற்கும் கீழே ரீசெட் ஆனதும் இருக்கும் மதிப்பு. டி.ஓ.வி.1-க்கு ஆர்/டபிள்யூ என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே உள்ள பத்தியைப் படித்தால்தான் தெரியும்: இதை அழிக்க 1 எழுத வேண்டும். எஸ்.டி.எம்.32 கையேடுகளில் இப்படிப்பட்ட பிட்டுக்கு ஆர்.சி.டபிள்யூ.1 என்று கட்டத்திலேயே குறித்துவிடுகிறார்கள். அதுவே நல்ல வழக்கம்.

ஏன் இந்தத் தலைகீழ் ஏற்பாடு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டின் பக்கத்தை ஒருவர் பிரதி எடுத்து, ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு, பழைய தாளைக் கிழித்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பழைய தாளில் ஏறிய புதுப்பெயர் அதோடு போயிற்று. ரெஜிஸ்டரிலும் இதே ஆபத்து உண்டு. நாம் படித்துத் திருப்பி எழுதுவதற்குள் ஹார்டுவேர் டி.ஓ.வி.1 போன்ற இன்னொரு ஃபிளாக் பிட்டை 1 ஆக்கியிருக்கலாம். 0 எழுதினால் அழியும் என்று வைத்திருந்தால், நாம் பார்க்காத அந்தச் செய்தியும் தொலைந்துவிடும். இங்கே 0 என்றால் 'தொடாதே', 1 என்றால் 'இதைப் பார்த்துவிட்டேன்'. ஆகவே பழையதைப் படித்துச் சேர்க்காமல், அந்த ஒரு பிட்டுக்கு மட்டும் 1 வைத்து நேராக எழுதினால் போதும்.

ஒதுக்கிவைத்த (ரிசர்வ்டு) பிட்டுகளிலும் கவனம் வேண்டும். ஏடிமெகா சிப்பில் அவற்றுக்கு 0 எழுதச் சொல்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி ப்ராசஸர்கள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கையேட்டிலோ டபிள்யூ.பி.ஆர்.ஐ. என்று குறித்த பிட்டில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே திருப்பி எழுத வேண்டும். ஒரு கையேட்டின் விதி இன்னொன்றுக்குச் செல்லாது.

8051 மைக்ரோகண்ட்ரோலரின் படத்தை மனப்பாடமாக வரையத் தெரிந்த பிள்ளைகள் டேட்டாஷீட்டைத் திறந்ததே இல்லை என்பது எனக்கு வருத்தம். யாரோ எழுதிய லைப்ரரியை ஒட்டிவிட்டு, ஓடினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர்கள் ஒரே ஒரு லேப் வகுப்பில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டைமர் அத்தியாயத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்து வரிவரியாகப் படிக்க வைக்கட்டும்.