மூட்டு வலியா? எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"மூட்டு வலியா? வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மருந்துக் கடையில் ரெண்டு வலி மாத்திரை, ஒரு தைலம், அதோடு சரி. ஆனால் மூட்டு நோய்களில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எது என்று தெரியாமல் வலியை மட்டும் அடக்கினால், சில நோய்கள் உள்ளுக்குள்ளேயே மூட்டை அரித்துவிடும்.

அதிகம் வருபவை எவை?

• மூட்டுத் தேய்மானம்: எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு நைந்துபோவது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், முழங்காலில் வரும். படி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

• முடக்குவாதம்: நம் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது. பெண்களுக்கு அதிகம். 30 வயதிலும் வரும். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

• கவுட்: யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் படிவது. ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டால்கூடத் தாங்காது.

• சிக்குன்குனியா: காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் கேள்விகள்: எந்த மூட்டு, எத்தனை நாளாக, காலையில் அதிகமா, மாலையில் அதிகமா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, சொரியாசிஸ் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா? பிறகு மூட்டைத் தொட்டு, வீக்கம், சூடு, அசைவு பார்ப்பார். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

ரத்தப் பரிசோதனை அதற்குத் துணைதான். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் 'பாசிட்டிவ்' என்று வந்தாலே முடக்குவாதம் என்று அர்த்தமில்லை, நோயில்லாதவர்களுக்கும் அப்படி வரும். 'நெகட்டிவ்' என்பதால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் ஆன்டி சி.சி.பி. பரிசோதனையும் செய்வார்கள். கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமில அளவு சரியாகவே காட்டலாம். முடக்குவாதத்தின் தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் இயல்பாக இருக்கலாம். தேவைப்பட்டால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து, படிகமா, கிருமியா என்று பார்ப்பார்கள். ஆகவே லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் செல்போனே உதவும்

காலையில் இருக்கும் வீக்கம், ஓ.பி. வரிசையில் நின்று டாக்டரைப் பார்ப்பதற்குள் வடிந்துவிடும். அதனால் வீங்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் தாமதம் வேண்டாம்

ஒரே மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமித் தொற்று சில நாட்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். வீக்கமும் காலை விறைப்பும் இரண்டு வாரம் தாண்டினாலும் காத்திருக்காதீர்கள். முடக்குவாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம். டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும். பெயர் ஒட்டாத பொடிகளும் வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேளுங்கள்.