நடுரோட்டில் பேட்டரி வண்டி பஞ்சர் ஆனால்... பதறாமல் இருக்க சில பாடங்கள்!

"பேட்டரி வண்டியா? நாங்க பார்க்குறதில்லைங்க மேடம்!"

இரவு எட்டு மணி. வேளச்சேரி - தாம்பரம் சாலையில், செம்பாக்கம் அருகே. பின் சக்கரத்தில் துளி காற்று இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நான். டியூஷன் பையை மாட்டியபடி பின்னாலேயே என் மகள். முதல் பஞ்சர் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விரித்துவிட்டார். இரண்டாவது கடையில் இருந்த தம்பி குனிந்து பார்த்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து வெளியே வரும் தடித்த வயரைக் கண்டதும் நிமிர்ந்துவிட்டார். "வயர் ஏதாச்சும் அறுந்துச்சுன்னா என்னைத்தான் கேப்பீங்க அக்கா. வேணாம்!" கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், "நாளைக்குக் காலையில ஆள் அனுப்புறோம்" என்றார்கள்.

மூன்றாவது கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர், டயரைத் தொடவில்லை. "மொதல்ல சாவியை எடுத்து உங்க பையில போட்டுக்கோங்கம்மா. நான் கேக்குற வரைக்கும் குடுக்காதீங்க" என்றார். அதன் பிறகுதான் சென்டர் ஸ்டாண்டு போட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் வண்டி தயார். சக்கரத்தை அவர் கழற்றவே இல்லை!

வண்டி வாங்கி ஒன்றரை வருடம் ஆகியும் எனக்குத் தெரியாத பல விஷயங்களை அந்த அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தது. பெட்ரோல் வண்டி நின்றுபோனால் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். பேட்டரி வண்டிக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை. அதனால், நம் வண்டியைப் பற்றி நாமே கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

ஏன் பயப்படுகிறார்கள்?

பேட்டரி வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மோட்டார் தனியாக இருந்து, பெல்ட் அல்லது செயின் மூலம் பின் சக்கரத்தைச் சுற்றும் வகை. இன்னொன்று, பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் 'ஹப் மோட்டார்' வகை. விலை குறைவான வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். என்னுடையதும் அதுதான்.

ஹப் மோட்டாருக்குள் இருந்து பொதுவாக மூன்று தடித்த வயர்களும், சில மெல்லிய வயர்களும் ஒரே கட்டாக அச்சின் வழியே வெளியே வரும். தடித்தவை மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும். மெல்லியவை, சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும். சக்கரத்தைக் கழற்றும்போது இந்த வயர்கள் இழுபட்டாலோ, மாட்டும்போது நசுங்கினாலோ வண்டி நகராது. அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு விசேஷ வாஷரும் இருக்கும். அதைத் தவறாக மாட்டினால், ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது சக்கரத்துக்குப் பதிலாக அச்சே சுழன்று வயரை முறுக்கிவிடும். 'கை வைக்க மாட்டேன்' என்று சொல்பவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார்!

ஆனால், பெரியவர் சொன்ன விஷயம் வேறு. "கரண்ட் அடிக்கும்னு எல்லாரும் பயப்படுறாங்க. நெசமான ஆபத்து அது இல்லம்மா. இந்த வண்டி ஆன்ல இருந்தா சத்தமே வராது. யாராச்சும் தெரியாம ஆக்ஸிலேட்டரைத் திருகிட்டா, தூக்கி நிக்கிற சக்கரம் சுத்திடும். அந்த நேரத்துல என் விரல் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவுல இருந்தா?"

அதனால்தான் சாவி என் பைக்குள் போனது. எந்தப் பஞ்சர் கடைக்குப் போனாலும் முதல் வேலை இதுதான்: வண்டியை ஆஃப் செய்து சாவியை எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் வீட்டில் இருப்பது போலவே ஒரு எம்.சி.பி. சுவிட்ச் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள். வண்டியின் மேல் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும்.

*டியூப் டயர்* என்றால், சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒட்டலாம். பெரியவர் செய்தது இதைத்தான். முதலில் டயரைக் கையால் தடவி, ஆணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து சாக்பீஸால் குறித்துக்கொண்டார். மிச்சக் காற்றையும் இறக்கிவிட்டு, வயர் இல்லாத பக்கத்தில் மட்டும் டயர் லிவரால் நெம்பினார். குறித்த இடத்தில் டியூபை வெளியே இழுத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவைத்து, பேட்ச் ஒட்டினார். வால்வு இருந்த இடத்திலேயே இருந்தது. டயருக்குள் கையை விட்டுத் துழாவி, ஆணியின் முனை மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே டியூபை உள்ளே தள்ளினார். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால், மறுநாளே அதே இடத்தில் பஞ்சர்தான்.

டியூபையே மாற்ற வேண்டும் என்றால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது கழற்றும் முன் நட், வாஷர், வயர் போகும் பாதை மூன்றையும் இரண்டு பக்கமும் செல்போனில் போட்டோ எடுத்துவையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் போட்டோதான் வழிகாட்டி.

*டியூப்லெஸ் டயர்* என்றால் நிம்மதி. ஹப் மோட்டாராக இருந்தாலும் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். மோட்டார், வயர் எதையும் தொட வேண்டியதில்லை. "மோட்டார் சக்கரம்" என்று தயங்குகிற கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கடையே இல்லாத இடம் என்றால் நாமே செய்யலாம்.

1. ஆணி குத்திய இடத்தையும், அது சாய்ந்திருக்கும் கோணத்தையும் பார்த்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் பிடுங்குங்கள்.

2. கிட்டில் இருக்கும் ரம்பம் போன்ற குத்தூசியை அதே கோணத்தில் ஓட்டைக்குள் விட்டு, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். ஓட்டை பெரிதாகிறதே என்று பயம் வரும். ஆனால், உட்புறம் சொரசொரப்பானால்தான் ஸ்ட்ரிப் பிடிக்கும்.

3. இன்னொரு ஊசியின் காதில் ரப்பர் ஸ்ட்ரிப்பைக் கோத்து, சொல்யூஷன் தடவி உள்ளே அழுத்துங்கள். இரண்டு நுனிகளும் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பிறகு ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். ஸ்ட்ரிப் உள்ளேயே தங்கிவிடும்.

4. காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை கிளம்பவில்லை என்றால் வெற்றி! நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டிவிடலாம்.

இது சாலையில் படும் பகுதிக்கு மட்டுமே. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அடைக்கக் கூடாது. டயரை மாற்றத்தான் வேண்டும். ஆணி குத்தியும் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது, கடை பக்கத்திலேயே இருக்கிறது என்றால், ஆணியைப் பிடுங்காமல் மெதுவாக ஓட்டிப் போவதே நல்லது. காற்று சுத்தமாக இறங்கிய பிறகு மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும். ஹப் மோட்டார் வண்டியில் ரிம்மும் மோட்டாரும் ஒன்றாகவே இருப்பதால், செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்?

பஞ்சர் கிட், சின்ன கட்டிங் பிளேயர், டார்ச், பழைய துணி, கையுறை, சார்ஜ் செய்யக்கூடிய கையடக்கக் காற்றடிப்பான். காற்றடிப்பானை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து வையுங்கள். தேவைப்படும் அன்று அது செத்துக் கிடந்தால் என்ன பயன்? இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது 'ரோட் சைடு அசிஸ்டன்ஸ்' இருக்கிறதா, பஞ்சருக்கும் வருவார்களா, எந்த நேரம் வரை வருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டதன் பலனைத்தான் செம்பாக்கத்தில் அனுபவித்தேன்!

பாதி பஞ்சர்களைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. காற்று குறைந்த டயர்தான் சீக்கிரம் அடி வாங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அளவு வேறு. இன்னொரு லாபமும் உண்டு. காற்று குறைந்தால் மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும். "முன்ன மாதிரி கிலோமீட்டர் குடுக்க மாட்டேங்குது, பேட்டரி போச்சு போல" என்று புலம்புகிற பலருக்கு வேண்டியது புது பேட்டரி அல்ல, கொஞ்சம் காற்று!

சார்ஜ் போடுவதில் அலட்சியம் வேண்டாம்

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், வண்டி எந்த மாதம் தயாரானது என்று கட்டாயம் பாருங்கள்.

விதி இருந்தாலும் எச்சரிக்கை நம் கையில். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் சரியாக உள்ள, சுவரில் பொருத்திய பிளக் பாயின்ட்தான் வேண்டும். வீட்டின் ஒரே வாசலிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, படுக்கையறையிலோ சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது நடந்தால் நாம் வெளியேற வழி இருக்க வேண்டும். வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே போடாமல், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கீழே விழுந்த, உப்பிய, வித்தியாசமான வாடை வீசுகிற பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது.

தினமும் 100 சதவிகிதம் ஏற்ற வேண்டுமா? இது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி என்றால், தினசரி ஓட்டத்துக்கு 80 சதவிகிதம் வரை ஏற்றினால் ஆயுள் கூடும். 'எல்.எஃப்.பி' எனப்படும் இரும்பு - பாஸ்பேட் வகை என்றால், அவ்வப்போது முழுதாக ஏற்றினால்தான் மீட்டர் சரியான கணக்கைக் காட்டும். உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். ஊருக்குப் போய் சில வாரம் வண்டியைத் தொடமாட்டீர்கள் என்றால், பாதி அளவு சார்ஜில் விட்டுப்போவது நல்லது.

மழை வந்தால்...

மழையில் ஓட்டலாம். வெள்ளத்தில் ஓட்டக் கூடாது. 'ஐ.பி.67' என்று விளம்பரத்தில் வருகிறதே, அதன் அர்த்தம் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். அதுவும் பெரும்பாலும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மட்டுமே. வண்டி முழுவதற்கும் அல்ல. தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சார்ஜும் போடாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிடுங்கள். கழுவும்போதும் ஈரத்துணியும் வாளித் தண்ணீரும் போதும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர், கனெக்டர்களுக்குள் புகுந்துவிடும்.

ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் மாற்ற வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பிரேக், டயர், பேரிங் எல்லாம் எந்த வண்டிக்கும் தேயத்தான் செய்யும். மூன்று யூனிட் பேட்டரியை நிரப்ப ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் போதும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவைத்தால், வாரன்டி முடிந்து பேட்டரி மாற்றும் நாளில் மூச்சு முட்டாது.

பஞ்சர் ஒட்டி முடித்த பெரியவர் அன்று 150 ரூபாய் வாங்கினார். "இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "மொத வண்டி வந்தப்ப நானும் பயந்துதாம்மா போனேன். ஆனா திருப்பி அனுப்பிட்டா அந்த ஆளு எவ்ளோ தூரம் தள்ளிட்டுப் போவாரு?" என்றார்.

இப்போதெல்லாம் காற்று பார்க்க அவர் கடைக்குத்தான் போகிறோம். சென்டர் ஸ்டாண்டு போடும் முன் என் மகளே குரல் கொடுத்துவிடுகிறாள்: "அம்மா, சாவி!"