பன்னத்தின் இரு பிறப்பு

பூவின்றிக் காயில்லை, காயின்றி வித்தில்லை. இது நாம் நாடோறும் கண்டறிந்த நெறி. ஆயின் பூவாது, காயாது, வித்தும் ஈனாது, 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகத் தன் குலத்தை வளர்த்துவரும் தாவரமொன்று எம் ஊர்க் கிணறுகளின் உட்சுவரிலும் நிற்கின்றது. அதுவே பன்னம். அது பெருகும் வகை யாது? வித்தைத் தேடிக் காணாத பண்டை ஐரோப்பியர் பலர், பன்னத்தின் வித்துக் கண்ணுக்குப் புலனாகாதது என்றும், அதனைப் பெற்றவன் தானும் பிறர் கண்ணுக்குப் புலனாகான் என்றும் நம்பினர்.

முதிர்ந்த பன்ன இலையொன்றைத் திருப்பி நோக்குக. பல இனங்களில் அதன் கீழ்ப்புறத்தே கபில நிறப் பொட்டுக்கள் வரிசையாய் அமைந்திருக்கும். நோயென எண்ணி அவ்விலையைக் கிள்ளி எறிவாரும் உளர். அவை நோயல்ல; வித்திக்கலன்கள் திரண்ட குவைகள். ஒரு கலனிற் பெரும்பாலும் 64 வித்திகள் இருக்கும். கலனைச் சூழ்ந்துள்ள தடித்த வளையம் உலருங்காற் பின்னோக்கி வளைந்து, திடீரெனப் பழைய நிலைக்கு மீளும். அவ்விசையால், கவணில் வைத்த கல்லைப்போல வித்திகள் வீசப்படும். பின்னர்க் காற்று அவற்றைக் கொண்டு செல்லும்.

ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வீழ்ந்த வித்தி முளைக்கும். ஆனால் முளைப்பது பன்னமன்று! நெஞ்சு வடிவினதாய், விரல் நகத்தினும் சிறியதாய்ப் பசிய தகடொன்று தோன்றும். அதற்குத் தண்டுமில்லை, உண்மை வேருமில்லை. வேர்ப்போலிகளால் மண்ணைப் பற்றித் தன் உணவைத் தானே ஆக்கி வாழும் அதுவே புணரித்தாவரம். அதன் கீழ்ப்புறத்தில் ஆண்கலச்சனனிகளும் பெண்கலச்சனனிகளும் உண்டாகும். மழைநீரோ பனிநீரோ படலமாய்ப் பரந்தவிடத்து, சுருள் வடிவான ஆண்புணரிகள் நீந்திச் சென்று முட்டையை அடையும். பெண்கலச்சனனியினின்று கசியும் இரசாயனப் பொருள் அவற்றுக்கு வழிகாட்டும். கருக்கட்டிய முட்டையினின்றே இலையும் தண்டும் வேருமுடைய பன்னம் எழுகின்றது; அதனை ஈன்ற தகடு விரைவில் மாய்கின்றது.

ஆகவே, பன்னத்தின் பிள்ளை பன்னமன்று, பேரப்பிள்ளையே பன்னம். தகட்டில் ஒருமடங்காயுள்ள நிறமூர்த்தங்கள் பன்னத்தில் இருமடங்காகும். வித்தி உண்டாகுங்கால் மீண்டும் பாதியாகும். இதனைச் சந்ததிப் பரிவிருத்தி என்பர். பாசி, பன்னம் முதலியவற்றை ஒப்புநோக்கி இந்நெறியை 1851ஆம் ஆண்டில் விளக்கியவர் ஹொப்மைஸ்டர் என்னும் ஜெர்மானியர். அப்போது அவருக்கு வயது 27. பல்கலைக்கழகத்திற் பயிலாதவர், தந்தையின் நூல் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவாறே நுணுக்குக்காட்டியின் துணையால் தாமே கற்றவர். 1863இல் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

இலங்கையில் 300க்கு மேற்பட்ட பன்ன இனங்கள் உள. பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் வளர்வன. மரம்போல் ஓங்குவனவும் அங்கு உண்டு. காடு வெட்டப்பட்டு நிழல் நீங்கினும், முதிர்ந்த பன்னம் சிலகாலம் நிற்கக்கூடும். ஆயின் நிலத்தோடு ஒட்டிய அந்நகத்தளவு தகடு உலர்ந்து மடியும். நீந்துதற்கு நீரின்மையாற் கருக்கட்டலும் நிகழாது. ஆதலின் நிற்கும் பன்னத்தைக் கண்டு அக்குலம் நிலைபெறும் எனத் துணிதல் பொருந்தாது. செடியைக் காப்பதோடு, கண்ணிற் படாத அத்தகட்டுக்கு வேண்டிய ஈர நிழலையும் காத்தல் வேண்டும்.

இதனை நேரிற் காண விரும்புவோர், ஈரச் செங்கல்லொன்றில் வித்திகளைத் தூவி, கண்ணாடிக் கிண்ணத்தாற் கவித்து, ஈரம் வற்றாது நிழலில் வைப்பாராக. சில வாரங்களிற் பசிய தகடுகள் தோன்றும்.