மானிட்டர் ஒலிக்கும்போது: மையக் கண்காணிப்பு அமைப்பை அறிந்துகொள்வோம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருக்கும்போது, உடனிருப்பவரின் கண்கள் நோயாளியின் முகத்தைவிடத் தலைமாட்டில் உள்ள திரையையே மிகுதியாக நோக்குகின்றன. எண்கள் மாறுகின்றன, திடீரென ஒலி எழுகிறது, ஆனால் எவரும் ஓடி வருவதில்லை. "ஒலித்துக்கொண்டே இருக்கிறது, ஏன் யாரும் வரவில்லை?" என்பது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அதற்கு நேர்மையாக விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரையில் காண்பவை

மார்பில் ஒட்டப்படும் மின்முனைகள் இதயத்தின் மின்னசைவுகளை ஈ.சி.ஜி. அலையாகக் காட்டுகின்றன. மூச்சின் எண்ணிக்கையும் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே கணக்கிடப்படுகிறது. விரலில் மாட்டப்படும் கிளிப், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை அறிகிறது. கைப்பட்டை குறித்த இடைவெளிகளில் இரத்த அழுத்தத்தை அளக்கிறது.

இவ்வாறு ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் வரும் தகவல்கள் செவிலியர் நிலையத்தில் உள்ள மையத் திரையில் ஒருங்கே தோன்றுகின்றன. கடந்த சில மணி நேரத்து அலைகளை மருத்துவர் பின்னோக்கிப் பார்க்கவும் அங்கே வசதி உண்டு. மையத் திரையுடனான இணைப்பு எப்போதாவது துண்டிக்கப்பட்டாலும், படுக்கையருகே உள்ள மானிட்டர் தன் பணியை நிறுத்துவதில்லை. அளப்பதையும் ஒலிப்பதையும் அது தொடர்ந்து செய்யும்.

எல்லா ஒலியும் ஆபத்தன்று

ஒவ்வோர் அளவுக்கும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கடக்கும்போது ஒலி எழுகிறது. பெரும்பாலான கருவிகளில் சிவப்பு நிறம் உடனடிக் கவனத்தையும், மஞ்சள் நிறம் விரைந்து பார்க்க வேண்டிய மாற்றத்தையும் குறிக்கும். கிளிப் கழன்றது, மின்முனை உலர்ந்தது போன்ற கருவி சார்ந்த குறைகள் பல கருவிகளில் நீல நிறத்தில் காட்டப்படுகின்றன. இருமினாலோ, புரண்டு படுத்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ கூட ஒலி எழலாம். செவிலியர் மையத் திரையில் அலையைக் கண்டு, ஆபத்தில்லை என்று உறுதிசெய்துகொண்டபின் வேறொரு படுக்கையில் பணியைத் தொடரக்கூடும். அவர் வராததற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

எனினும், இதன் மறுபக்கத்தையும் மறைக்க இயலாது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 77 படுக்கைகளில் 31 நாள்களில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் பதிவாயின. ஆராயப்பட்ட இதயத்துடிப்புச் சீரின்மை எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 89 விழுக்காடு பொய்யானவை. இடைவிடாத ஒலி, கேட்பவரின் செவியை மரத்துப்போகச் செய்யும். அந்நிலையில் மெய்யான எச்சரிக்கையும் தவறிப்போகலாம். ஆகவே, பொய்யான ஒலிகளைக் குறைப்பதே இவ்வமைப்பை நடத்துவோரின் முதற்கடமையாகிறது.

அதற்கு நாங்கள் கையாளும் வழிகள் எளியவை. தோலைத் துடைத்து உலர்த்திய பின்னரே மின்முனைகளை ஒட்டுகிறோம். நாள்தோறும் அவற்றை மாற்றுகிறோம். எல்லைகளை நோயாளிக்கு ஏற்ப மருத்துவரின் ஆணைப்படி அமைக்கிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 விழுக்காடு ஆக்சிஜனே உரிய இலக்கு. பிறருக்குரிய எல்லையை அவருக்கும் வைத்தால் கருவி ஓயாமல் ஒலிக்கும். படுக்கை மாறும்போது முந்தைய நோயாளியின் பெயரும் எல்லைகளும் நீக்கப்பட்டனவா என்பதை இருமுறை சரிபார்க்கிறோம்.

ஓர் இரவின் பாடம்

ஓர் இரவில் முதிய தாய் ஒருவருக்குக் கை குளிர்ந்திருந்தமையால் கிளிப் மீண்டும் மீண்டும் ஒலித்தது. அம்மா சற்றே உறங்கட்டும் என்று மகன் அதைக் கழற்றி வைத்தார். மையத் திரையில் நீல அறிவிப்புத் தோன்றியது. வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த செவிலியர் சில நிமிடங்கள் கழித்தே வந்தார். வெதுவெதுப்பாக இருந்த மறுகையில் கிளிப்பை மாட்டியபோது, ஆக்சிஜன் அளவு உண்மையாகவே குறைந்திருந்தது. உடனே மருத்துவர் அழைக்கப்பட்டார், தாய் நலமடைந்தார். மகன் செய்தது அன்பினால், அவர்மீது குறையில்லை. முதல் ஒலியின்போதே கிளிப்பை இடம் மாற்றாததும், அதன் தேவையை அவருக்கு விளக்காததும் எங்கள் குறை. அதன்பின், அனுமதிக்கப்படும் நாளிலேயே உடனிருப்போருக்கு இவற்றை எடுத்துரைக்கத் தொடங்கினோம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

• ஒலியை நிறுத்தும் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டாம். அழைப்பு மணியை அழுத்துங்கள்.

• கிளிப் உறுத்தினாலோ, மின்முனை அரித்தாலோ கழற்றாமல் செவிலியரிடம் கூறுங்கள். விரலையோ இடத்தையோ அவர் மாற்றித் தருவார்.

• நகப்பூச்சும் மருதாணியும் அளவைப் பாதிக்கக்கூடும், இருந்தால் தெரிவியுங்கள்.

• கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய, படுக்கையருகே உள்ள எந்தப் பிளக்கையும் பிடுங்காதீர்கள்.

• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மிகுந்த வியர்வை, உதடு நீலமாதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றைக் கண்டால், மானிட்டர் அமைதியாக இருப்பினும் உடனே அழையுங்கள்.

இவற்றுள் இறுதியாகக் கூறியதே முதன்மையானது. கருவி எண்களை மட்டுமே அறியும். உங்கள் தந்தையின் வழக்கமான குரலையும் முகத்தையும் நீங்களே அறிவீர்கள். "இன்று இவர் வேறு மாதிரி இருக்கிறார்" என்று நீங்கள் கூறும் ஒரு சொல்லையும் எச்சரிக்கையாகவே நாங்கள் ஏற்கிறோம்.

மருத்துவர் மானிட்டரை அகற்றச் சொல்லும் நாளில், "இனி யார் கவனிப்பார்?" என்று சிலர் அஞ்சுவதுண்டு. உடல்நிலை தேறியவருக்கு இடைவிடாத கண்காணிப்பு தேவையில்லை என்பதாலேயே அது அகற்றப்படுகிறது. அன்று எழுந்து நடக்கத் தொடங்கும் நோயாளிக்கு உங்கள் கை துணையாகட்டும்.